கடைசித் தொட்டியும் பன்னீரும்

விழாவுக்கு முந்தின நாள் காலை, ஆய்வகத்தின் வெள்ளைப் பலகையில் என் பெயரைக் காணவில்லை.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை ரவுண்டானாவிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் எங்கள் ஆராய்ச்சி நிலையம். ஆவியாகும் சேர்மங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் கருவி எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஜி.சி. என்போம். அதை யார் எப்போது பயன்படுத்தலாம் என்று அந்தப் பலகையில் எழுதிவைப்பது வழக்கம். மறுநாளைக்கான வரிசையில் என் பெயரும், கருவியைப் பல வருடங்களாகப் பராமரித்துவரும் அக்காவின் பெயரும் அழிக்கப்பட்டிருந்தன. எனக்கு அடுத்த வருடம் சேர்ந்த, எல்லோரும் தம்பி என்று கூப்பிடும் ஆய்வு மாணவரின் பெயர் மட்டும் காலை முதல் மாலை வரை நீண்டிருந்தது. கீழே யாரோ ஒரு பூ வரைந்து, 'மகளிருக்கு நாளை முழு ஓய்வு. வாழ்த்துகள்!' என்று எழுதியிருந்தார்கள்.

கோபப்பட வேண்டுமா, நன்றி சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை. நான் எதையும் வரிசைப்படுத்தினால்தான் யோசிக்க முடிகிறவள். அங்கேயே நின்று வரிசைப்படுத்திப் பார்த்தேன். விழா வேதியியலில் பெண்களின் பங்கைக் கொண்டாடுவதற்கு. நான் பெண். என் வேலை வேதியியல். விழாவுக்காக என் வேதியியல் நிறுத்தப்பட்டிருக்கிறது. இதற்கு மேல் வரிசை நகரவில்லை.

என் ஆய்வு காப்பியைப் பற்றியது. பழத்தின் தோலை உரித்ததும் கொட்டையின் மேல் கொழகொழவென்று ஒரு படலம் இருக்கும். தொட்டியில் போட்டு நொதிக்கவிட்டால் அது கழன்றுவிடும். அப்போது என்னென்ன மணப்பொருள்கள் உண்டாகின்றன என்று, வெள்ளக்கடையிலுள்ள ஒரு எஸ்டேட்டில் முதல் பறிப்பிலிருந்து தொட்டி தொட்டியாக எடுத்து வந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பருவத்தின் கடைசிப் பறிப்பு மட்டும் மீதி. அந்தத் தொட்டி மறுநாள் காலை கழுவத் தயாராகிவிடும் என்று, அங்கே கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் போனில் சொல்லியிருந்தார். நொதிப்பு யாருக்காகவும் காத்திருக்காது. உறையவைத்தால் சாம்பிளின் குணமே மாறிவிடும். அடுத்த பருவத்துக்குள் என் உதவித்தொகைக் காலம் முடிந்துவிடும். அந்த ஒரு தொட்டி தவறினால் என் வரைபடம் கடைசிப் புள்ளி இல்லாமலேயே நிற்கும்.

நிலையத் தலைவரிடம் போனேன். நல்ல மனிதர். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை கட்டவைத்தவர் அவர்தான். பஸ்ஸில் கீழே இறங்க வேண்டியவர்களுக்குத் தாமதமாகிறது என்று மாலைக் கூட்டங்களைக் காலைக்கு மாற்றியவரும் அவரே.

"சார், நாளைக்கு எனக்கு ஜி.சி. வேணும்."

"ஏன் அம்மணி, வருசம் பூரா அந்த மிசினோடவே மல்லுக்கட்டறீங்க. நாளைக்கு ஒரு நாளாச்சும் சந்தோசமா இருக்கக் கூடாதுங்களா?"

"நாளைக்குத்தான் சார் கடைசித் தொட்டி."

அவர் முகம் வாடிவிட்டது. "அடடா. நல்லதுன்னு நெனச்சுல்ல அழிச்சேன்." கொஞ்சம் யோசித்தார். "தம்பிகிட்டக் குடுத்தா ஓட்டிக் குடுத்துருவானே?"

"பருவம் பூராவும் ஒரே கைதான் சார் செஞ்சிருக்கு. கடைசியில கை மாறினா வித்தியாசம் காப்பியால வந்ததா, கையால வந்ததான்னு கேப்பாங்க."

அவருக்கு அது புரிந்தது. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். காலையில் வரவேற்பில் எல்லாப் பெண்களோடும் கொஞ்ச நேரம் நிற்பேன். பிறகு ஆய்வகத்துக்குப் போவேன். என் ஆய்வுக்குத்தான் இளம் பெண் வேதியியலர் விருது என்பதால், பெயரைக் கூப்பிடும்போது மேடைக்கு வந்துவிடுவேன். ஒருவருக்கும் மனத்தாங்கல் வராத ஏற்பாடு என்று நான்தான் அதை முன்மொழிந்தேன்.

மறுநாள் காலையில் பட்டுச்சேலையோடு ஸ்கூட்டரில் வெள்ளக்கடைக்குப் போனேன். திரும்பி வந்து உடை மாற்ற நேரம் இருக்காது. தொட்டியருகே ஸ்வெட்டரும் குல்லாயுமாக நின்றிருந்த ரைட்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க கண்ணு, மாப்ள ஊட்டுக்காரங்களை எங்க எஸ்டேட்டுக்கே வரச் சொல்லிட்டீங்களா?"

"விழாங்க. பொம்பளைங்க வேதியியல் செய்யறதைக் கொண்டாடுறாங்க."

"அப்ப இன்னைக்கு வேலைக்கு லீவு உடலீங்களா?"

"விட்டாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"நொம்ப நல்லாருக்குதுங்க உங்க ஞாயம்" என்று சிரித்தார். சிரித்தபடியே நான் நீட்டிய புட்டியைத் தொட்டியிலிருந்து நிரப்பிக் கொடுத்தார். மூடியை இறுக்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

நிலையத்தின் வாசலில் அக்காவும் அலுவலகப் பெண்களும் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். ஒருவர் கையில் சந்தனக் கிண்ணம், இன்னொருவர் கையில் கல்கண்டுத் தட்டு. பன்னீர்ச் செம்பு எனக்கென்று காத்திருந்தது. உள்ளே அரங்கில் ஆண்கள் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அன்றைக்கு அவர்களை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை.

மலைப்பாதையில் லாரி ஒன்று வளைவில் சிக்கிக்கொண்டதால் சேலத்திலிருந்து வந்த கல்லூரிப் பேருந்துகள் குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தன. சிறப்பு விருந்தினரும் அதே வழியில்தான் வந்தார். கொஞ்ச நேரம் என்று நான் சொல்லியிருந்தது நீண்டுகொண்டே போனது. கடைசியில் பேருந்துகள் வந்தபோது மாணவிகள் கூட்டமாக இறங்கி ஓடிவந்தார்கள். ஒவ்வொருவர் மேலும் பன்னீரைத் தெளித்தேன். காற்று எதிர்த்திசையில் அடித்ததால் பாதி என் மேலேயே விழுந்தது.

"கண்ணு, விருந்தாளிக்குத் தெளிக்கச் சொன்னா நீ தலைக்கு ஊத்திக்கிறே" என்றார் அக்கா.

"நேரமாகுதுக்கா. சாம்பிள் பெட்டிக்குள்ள இருக்கு."

"போ சாமி, போ. செம்பை இங்க குடு."

ஓடினேன். கையைக் கழுவினேன். ஆய்வக அங்கியை ஈரச் சேலையின் மேலேயே மாட்டிக்கொண்டேன். கையுறையும் போட்டேன். எஸ்டேட் புட்டியைத் திறந்து, வழக்கம்போல் சின்னப் புட்டிகளுக்கு மாற்றி மூடினேன். என் முறையில் திரவம் கருவிக்குள் போவதில்லை. புட்டிக்குள் திரவத்துக்கு மேலே தேங்கி நிற்கும் காற்றைத்தான் எடுத்துக் கருவிக்குள் விட வேண்டும். இந்தப் பருவம் முழுக்கச் செய்த வேலை என்பதால் கை தன்னால் செய்தது.

திரையில், சேர்மத்துக்கு ஒன்று என்று, சிகரங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. எல்லாம் தெரிந்த முகங்கள். பாதிக்கு மேல் போனதும், அதுவரை எந்தத் தொட்டியிலும் சின்ன மேடாகவே இருந்த ஓரிடத்தில் ஒரு சிகரம் எழுந்தது. எழுந்தது நிற்கவே இல்லை. நேராக மேலே போனது.

முதலில் மகிழ்ச்சிதான். ஈஸ்ட் நன்றாக வேலை செய்யும்போது அந்தச் சேர்மம் உண்டாகும். கடைசிப் பறிப்பில் பழம் நன்றாகப் பழுத்திருக்கும், அதனால் கூடியிருக்கிறது என்று எழுதலாம். பருவம் முழுக்க நான் தேடிக்கொண்டிருந்த முடிவே அதுதான். யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று எழுந்தேன். எழுந்தபோது என் சேலையிலிருந்து வாசனை வந்தது.

அந்தச் சேர்மம் ரோஜாவிலும் இருக்கிறது. பன்னீருக்குப் பன்னீர் வாசனையைத் தருவதே அதுதான்.

மறுபடி உட்கார்ந்தேன். நான் திறந்து மூடிய சின்னப் புட்டிகளுக்குள் தேங்கியிருந்த காற்று, என்னைச் சுற்றியிருந்த காற்றும்தான். சிகரம் காப்பியுடையதா, என்னுடையதா? புதுச் சாம்பிள் எடுக்க வழியில்லை. தொட்டியைக் கழுவியிருப்பார்கள். பெரிய புட்டியில் மிச்சம் இருந்தது. ஆனால் அதையும் இதே அறையில், இதே நான் திறந்திருந்தேன்.

அப்போதுதான் தம்பி கதவைத் தட்டினார். "அக்கா, மேடையில உங்களைக் கூப்பிடறாங்க."

போனேன். சிறப்பு விருந்தினர் பேசி முடித்திருந்தார். அவரும் ஒரு பெண் வேதியியலர். அவர் ஆய்வைத் தொடங்கிய நாட்களில் பெண்கள் இருட்டுவதற்குள் ஆய்வகத்தைவிட்டுப் போய்விட வேண்டுமாம். அதனால் தன் வேதிவினைகளை எல்லாம் பகலுக்குள் முடிகிற மாதிரியே தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார் என்று பிற்பாடு அக்கா சொன்னார். அதை நேரில் கேட்காமல் போனேனே என்ற வருத்தம் இன்னமும் இருக்கிறது. விருந்தினர் தன் கையால் பொன்னாடை போர்த்தினார், கேடயம் கொடுத்தார். அந்த நிமிடம் எனக்கு உண்மையாகவே பெருமையாக இருந்தது. இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

நன்றி சொன்னேன். பிறகு மனதில் இருந்த ஒரே விஷயம் வாய்க்கு வந்துவிட்டது. "காலையில் நான் தெளித்த பன்னீர் என் சாம்பிளிலும் கலந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். இந்த விருது எந்த ஆய்வுக்கோ அந்த ஆய்வின் கடைசிச் சாம்பிளில்" என்றேன்.

அரங்கம் சிரித்தது. கைதட்டியது. நகைச்சுவையாகப் பேசுகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு மாணவி கையைத் தூக்கினாள்.

"ஏனுங் மேம், லேபுக்குள்ள பட்டுச்சேல கட்டக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்களே?"

"கூடாதுதான்" என்றேன். அதற்கும் கைதட்டினார்கள்.

பேருந்துகள் கிளம்பிய பிறகு அக்காவும் தம்பியும் ஆய்வகத்துக்கு வந்தார்கள். என் சேலை இன்னும் முழுதாகக் காயவில்லை. ஒன்று செய்து பார்த்தோம். அதே மேசை, அதே நான், அதே அங்கி. காப்பிக்குப் பதிலாகச் சுத்தமான தண்ணீரை அதே மாதிரி சின்னப் புட்டிக்கு மாற்றி மூடி, கருவியில் ஓட்டினோம். தண்ணீரில் எதுவும் வரக் கூடாது. அந்த இடத்தில் சிகரம் வந்தது. ஆனால் சின்னது. காலையில் வந்ததில் ஒரு சிறு பங்குதான்.

"அப்ப மிச்சம் காப்பியோடதுதான்" என்றார் அக்கா.

"காலையில நான் இன்னும் நனைஞ்சிருந்தேனேக்கா."

"அதுஞ் செரிதான்."

தம்பி, கேலியாக இல்லாமல், யோசனையாகவே சொன்னார்: "என்னை ஓட்டச் சொல்லியிருந்தா இது வந்திருக்காதுக்கா. என்னை யாரும் பன்னீர் தெளிக்கக் கூப்பிடலையே."

அவர் சொன்னது சரி. அவர் செய்திருந்தால் கை மாறியிருக்கும், சாம்பிள் சுத்தமாக இருந்திருக்கும். நான் செய்ததில் கை மாறவில்லை, சாம்பிள் கெட்டது. எனக்குக் கருவி வேண்டும் என்று கேட்டது சரியா? வாசலில் நிற்கிறேன் என்று சொன்னது தவறா? இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னவள் நான்தானே? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். எந்த வரியை முதலில் வைத்தாலும் அடுத்த வரி அதை மறுத்தது.

அடுத்த வாரம் எனக்கு மூன்று யோசனைகள் கிடைத்தன. அக்கா, அந்தப் புள்ளியை எடுத்துவிடச் சொன்னார். 'பன்னீர்னு எழுதினா ஊரே சிரிக்கும் கண்ணு. பொம்பளைங்க லேபுன்னா இப்படித்தான்னு சொல்லுவாங்க.' அவர் பயம் நியாயமானது. இத்தனை வருடங்களில் அந்தக் கருவியில் ஒரு கசிவுகூட விடாதவர். தம்பி, புள்ளியை வைத்துவிட்டுப் பன்னீரை மட்டும் சொல்லாமல் விடலாம் என்றார். ஈஸ்டாலும் வரக்கூடியதுதானே, பொய் இல்லையே என்றார். மூன்றாவது யோசனை என்னுடையது. புள்ளியும் இருக்கட்டும், தண்ணீர்ச் சோதனையும் இருக்கட்டும், காரணமும் இருக்கட்டும். அப்படி எழுதினால் என் கடைசிப் புள்ளி பாதிப் புள்ளியாகிவிடும். தேடிய முடிவைத் தேடியதாக மட்டுமே சொல்ல முடியும், கண்டதாகச் சொல்ல முடியாது.

அப்படியே எழுதினேன். கட்டுரையில் தலைவரின் பெயரும் உண்டு என்பதால் அவர் படித்தாக வேண்டும். அவர் அறையில் என் மடிக்கணினியை வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு நிதானமாகப் படித்துக்கொண்டு வந்தார். அந்த வரியில் நின்றார்.

"சாம்பிளை மாத்தினவங்க ஆடையில பன்னீர் இருந்ததுன்னு போட்டிருக்கீங்க அம்மணி."

"ஆமாங்க சார்."

"லேபுல பன்னீர் எதுக்குன்னு கேப்பாங்களே?"

"அன்னைக்கு விழான்னு எழுதலாங்க சார்."

"என்ன விழான்னு கேட்டா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கேள்வி தன்னிடமே வந்து சேரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். நானும் எதிர்பார்க்கவில்லை. அவரைச் சங்கடப்படுத்தும் எண்ணம் எனக்கு இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

அந்த வரியை அழித்தார். பிறகு ஒற்றை விரலால், எழுத்து எழுத்தாகத் தேடித் தேடி, அதையே மறுபடி தட்டச்சு செய்தார். 'ஆடையில்' என்பதற்கு முன்னால், வரவேற்புப் பணியில் நின்றதால் என்று தானாகவே சேர்த்தார்.

"போதுங்களா?" என்றார்.

போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. "அனுப்பிடலாங்க சார்" என்றேன்.