ரோஸ் கலர் தண்ணீர்

1. ஈ ஓட்டிய போர்டு

தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் நாங்கள் மாட்டிய போர்டை ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிப் புதிதாக வந்த ரிசார்ட்டுக்கான விளம்பரம் அது. பாத்தியில் தேங்கிய தண்ணீர், வரப்பில் தலையில் உப்புக் கூடையோடு வரிசையாக நடக்கும் ஐந்து பெண்கள். இதே படத்தை ஒரு பேங்கில், ஆற அமர உட்காருகிற இடத்தில் வைத்திருந்தோம். அங்கே நின்று ரசித்தார்கள், போன் போட்டு விசாரித்தார்கள். ஸ்டேஷனில் ஈ ஓட்டியது.

விளம்பரக் கம்பெனியில் போர்டு வைக்க இடம் பார்ப்பதும், மக்கள் அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனிப்பதும் என் வேலை. மூன்று நாள் சாயங்காலம் போர்டுக்கு எதிரே நின்றேன். ஒருத்தன் பை முதுகில் இடித்தது, இன்னொருத்தன் காலை மிதித்தான். மூன்றாம் நாள் எனக்கே அந்தப் படத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அப்போதுதான் புரிந்தது. கூட்டத்தில் நசுங்குகிறவனுக்கு இன்னும் நாலு மனுஷ முகம் எதற்கு?

ஆபீஸில் பெருமையாகச் சொன்னேன்: "ஆளுங்கள எடுத்துடலாம் சார். காலி எடத்தக் காட்டுவோம்."

"ஏம்பா, அந்தப் பொம்பளைங்கதானே படமே?" என்றார் முதலாளி.

"பேங்குல சரி சார். ஸ்டேஷன்ல எடுபடாது."

டிசைனர் அரை மணியில் ஐந்து பேரையும் அழித்துவிட்டான். பாத்தித் தண்ணீரில் மட்டும் ரோஸ் கலரில் ஒரு தீற்றல் மிச்சம் இருந்தது. "இதையும் எடுக்கட்டுமா?" என்று கேட்டான்.

"இருக்கட்டும்பா. விடியற வானம் மாதிரி அழகா இருக்குது" என்றேன்.

அது எதன் நிழல் என்று எனக்குத் தெரியும். படம் எடுத்த அன்று நான் அங்கே இருந்தேன்.

2. பட்டுப் புடவை

உப்பளத்தில் யாரும் நல்ல துணி உடுத்த மாட்டார்கள். பழைய சேலை, அதன்மேல் ஆம்பளைச் சட்டை. உப்புத் தண்ணீர் பட்டால் துணி வீணாகிவிடும். ஆனால் படம் எடுக்கிற அன்று அந்த ஐந்து பேரில் ஒருவரான கன்னியம்மா ரோஸ் கலர் பட்டில் வந்து நின்றார். மகள் கல்யாணத்துக்கு எடுத்த புடவையாம்.

"கெட்டுப் போயிடும்மா" என்றேன்.

"தாம்பரத்துல மாட்டப் போறீங்கன்னு சொன்னீங்களே சார். என் பொண்ணு தெனமும் அந்த ஸ்டேஷன்லதான் எறங்கி வேலைக்குப் போவுது. கந்தலோடவா நிக்கிறது?"

வேலை முடிவதற்குள் கூடையிலிருந்து சொட்டிய தண்ணீரில் பட்டு திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே பிழிந்தார். போர்டு மாட்டினதும் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சொல்லவில்லை.

3. மேம்பாலத்தில்

புதுப் போர்டு மாட்டிய அன்றே ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். இடிபட்டுக்கொண்டே நின்று பார்த்தார்கள். "மச்சி, பாருடா, ஒரு ஈ காக்கா இல்ல. இந்த வாரமே போறோம்" என்றான் ஒருத்தன். அதை அப்படியே நோட்டில் எழுதினேன். நான் நினைத்தது பலித்ததில் தலைகால் புரியவில்லை.

இரண்டாம் வாரம் நான் அங்கே நோட்டோடு நிற்கும்போது கன்னியம்மாவே வந்துவிட்டார். கூட மகளும் மருமகனும். மகள் எப்படியோ போர்டைப் பார்த்து, 'நம்ம உப்பளம் இருக்குது, உன்னத்தான் காணோம்' என்று போன் செய்திருக்கிறாள். கூட்டத்தில் சரியாகப் பார்த்திருக்க மாட்டாள் என்று நினைத்து, தன்னைக் காட்ட இந்த அம்மா பஸ் ஏறி வந்திருக்கிறார்.

"ரெண்டாவது ஆளா நான் வருவேன், பாரு" என்று மகளிடம் சொல்லியபடி போர்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தேடினார். ஜனம் இடித்துத் தள்ளியது. அப்புறம் கை ஒரு இடத்தில் நின்றது.

"இது என் பொடவை கலரு."

திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார். "சார், தண்ணியில நான் இருக்கறேன். மேல எங்க சார்?"

"அது... ஆபீஸ்ல மாத்திட்டாங்கம்மா. எனக்கே இப்பத்தான் தெரியும்" என்றேன். நோட்டைப் பைக்குள் திணித்தேன். மருமகன் போனைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டான். மகள், "வாம்மா, போவலாம்" என்று கையைப் பிடித்தாள்.

"பரவால்ல சார். ஊராவது இருக்குதே" என்று சொல்லிவிட்டு கன்னியம்மா படியிறங்கினார்.

அந்த விளம்பரத்துக்காக ஆபீஸில் எனக்குக் கை தட்டினார்கள். கூனிக் குறுகி நின்றேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

4. மரக்காணம்

இரண்டு மாதம் கழித்து, அழிக்காத படத்தைப் பிரிண்ட் போட்டுக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். ஐந்து பேரும் சுற்றி நின்று அவரவர் முகத்தைத் தேடிச் சிரித்தார்கள். கன்னியம்மா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார்.

"அம்மா, அன்னிக்குப் பொய் சொன்னேன். உங்கள எடுக்கச் சொன்னது நான்தான்."

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும் சார். அன்னிக்கே தெரியும். போர்டுல இல்லாதவள நீங்க நேர்லயும் பாக்கலியே, தரையத்தான பாத்தீங்க."

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். நெரிசலில் நிற்கிறவன் காலி இடத்துக்கு ஏங்குவான். அது உண்மைதான், நானே நின்று பார்த்தது. ஆனால் காலி இடம் என்று எதையும் நான் படம் பிடிக்கவில்லை. ஐந்து பேரை வெளியே அனுப்பிவிட்டு, அதற்குக் காலி இடம் என்று பெயர் வைத்தேன்.