உச்சி வெயிலில் எடுத்த படம்

எங்கள் வீட்டில் யாராவது காரணமில்லாமல் அன்பாகப் பேசினால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும். இது இன்று நேற்று வந்த குணமல்ல. பத்து வயதிலேயே அப்படித்தான். அம்மா கேட்காமல் இன்னொரு தோசை வைத்தால், ஊசி போடக் கூட்டிப் போகப் போகிறார்கள் என்று கணித்துக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். பெரும்பாலும் என் கணிப்பு சரியாகவே இருக்கும். அதனால் எனக்கு என் மூளைமேல் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அந்தக் கர்வத்தோடுதான் அக்காவைப் படம் எடுத்த விஷயத்திலும் துப்பறிய இறங்கினேன்.

அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட். அதனால் நெய்வேலி நகரியத்தில் எங்களுக்குக் குவார்ட்டர்ஸ் இருந்தது. சுற்றிலும் தோட்டம், இரண்டு மாமரம், முந்திரி, ஒரு பலா. அப்பாவின் தம்பியான சித்தப்பாவும் அதே சுரங்கத்தில்தான் வேலை பார்த்தார், ஆனால் கான்ட்ராக்ட். ஆகவே அவருக்கு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. ஷிப்ட் இல்லாத நாட்களில் சித்தப்பா போட்டோகிராபர் ஆகிவிடுவார். பழைய டிஜிட்டல் கேமரா ஒன்றை யாரிடமிருந்தோ வாங்கி, பச்சைக் குழந்தையைத் துடைப்பதுபோல் அதைத் துடைத்து வைத்திருந்தார்.

அவருடைய ஸ்டூடியோ எங்கள் தோட்டம்தான். பிளஸ் டூ முடிக்கிற பெண்கள் பிரிவு விழாவுக்காக அம்மாவின் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, நடக்கத் தெரியாமல் நடந்து வருவார்கள். பையன்கள் யாருடைய பைக்கிலோ சாய்ந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பத்திரிகை அட்டையில் வருகிறவர்களைப்போல எங்கேயோ பார்ப்பார்கள். சித்தப்பா யாரையும் வெயிலில் நிறுத்த மாட்டார். சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகுதான் கேமராவை வெளியே எடுப்பார். மாமர நிழலின் ஓரத்தில் நிறுத்தி, எதிரே ஒரு வெள்ளை வேட்டியைப் பிடிக்கச் சொல்வார். வேட்டியில் பட்டுத் திரும்புகிற வெளிச்சம் முகத்தில் விழுந்ததும், சும்மா தெருவில் பார்க்கிற பெண்கூட வேறு யாரோ ஆகிவிடுவாள்.

நிற்பதற்கும் அவரிடம் இலக்கணம் இருந்தது. தோளை நேராகக் காட்டக் கூடாது, லேசாகத் திருப்ப வேண்டும். உடம்பின் பாரத்தைப் பின்காலில் போட வேண்டும். கையை உடம்போடு ஒட்டினால் கை பருத்துத் தெரியும், ஆகவே இடுப்பிலோ புடவைத் தலைப்பிலோ அதற்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். தாடையை முன்னால் நீட்டிக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும். ஆள் உயரமாகத் தெரிய வேண்டுமென்றால் எடுக்கிறவர் குனிய வேண்டும். இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு வாய்ப்பாட்டைவிட நன்றாகவே மனப்பாடம் ஆகியிருந்தது. கண்ணாடி முன்னால் நின்று தாடையை நீட்டிப் பார்த்து, கழுத்து சுளுக்கிக்கொண்டதும் உண்டு.

அக்கா அந்த வருடம் பி.எஸ்.ஸி. முடித்திருந்தாள். சென்னையில் மேலே படிக்க இடமும் கிடைத்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் அத்தை ஒரு சம்பந்தத்தோடு வந்தார். அத்தை அப்பாவுக்கு மூத்தவர், பண்ருட்டிப் பக்கத்தில் கிராமம். தாயில்லாமல் போன இரண்டு தம்பிகளையும் இடுப்பில் தூக்கி வளர்த்தவர். மாப்பிள்ளை நல்ல குடும்பம், முந்திரித் தோப்பு, சுரங்கத்தில் பெர்மனென்ட். பெர்மனென்ட் என்ற சொல்லை அத்தை சாமி பேரைச் சொல்வதுபோல் சொன்னார். அப்பாவுக்கோ அடுத்த வருடம் ரிடையர்மென்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்குள் பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்பது நகரியத்தில் எழுதாத சட்டம்.

அத்தை கொண்டுவந்ததை எங்கள் வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொன்னால்தான் பேச்சு நிற்கும். முதலில் படம் அனுப்ப வேண்டும். படம் பிடித்தால் பெண் பார்க்க வருவார்கள். பெண் பார்க்க வந்துவிட்டால் கல்யாணம் ஆன மாதிரிதான். அக்கா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் இருந்தாள். வெளியே வந்தபோது தலை நனையவில்லை, கண் மட்டும் சிவந்திருந்தது.

எனக்கு அக்காவின்மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் கல்யாணம் என்றால் பட்டுப் பாவாடை. தவிர, ஜன்னலோரக் கட்டில் எனக்கு வந்துவிடும். சென்னைக்குப் படிக்கப் போனால் லீவுக்கு வந்து கட்டிலைத் திரும்பப் பிடுங்கிக்கொள்வாள். ஆகவே நான் மாப்பிள்ளைக் கட்சியில் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை படம் எடுப்பது என்று முடிவாயிற்று. சாயங்காலம்தான் சித்தப்பா வருவார் என்று நான் நிம்மதியாகத் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கே அவருடைய பைக் வந்து நின்றது. அப்போதே எனக்கு ஏதோ உறுத்தியது.

தோட்டத்தில் நிழலே இல்லாத இடம் ஒன்றுதான், துணி உலர்த்துகிற கொடிக்குப் பக்கத்தில். அங்கே அக்காவைக் கொண்டுபோய் நிறுத்தினார். உச்சி வெயில் நேராகத் தலையில் இறங்கியது. கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டது. மூக்கின் நிழல் உதட்டில் விழுந்து, மெல்லிய மீசைபோலக் கிடந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"சித்தப்பா, வெயில்ல நிக்க வெச்சா மூஞ்சி கெட்டுப்பூடும்னு நீங்கதான சொன்னீங்க?"

சித்தப்பா கேமராவைத் துடைக்க ஆரம்பித்தார். அப்பாதான் பதில் சொன்னார். அவர் மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நாந்தான் சொன்னேன். நெழல்ல எடுத்தா நெறத்த மறைக்கறாங்கன்னு நெனப்பாங்க. பளிச்சுனு தெரியணும். ஒளிச்சு வெக்க நம்மகிட்ட என்னா இருக்குது?"

அப்பாவின் நியாயம் அது. ராத்திரி ஷிப்டில் சுரங்கம் முழுக்கப் பெரிய பெரிய விளக்குகள் எரியும், அந்த வெளிச்சத்தில் ஒரு போல்ட் தளர்ந்திருந்தாலும் தெரிந்துவிடும் என்பார். பெண்ணையும் அப்படியே காட்டிவிட நினைத்தார். ஆனால் சித்தப்பாவுக்குத் தெரியுமே! பிளஸ் டூ பையனின் அப்பா ஒருவர் இதேபோல வெயிலில் எடுக்கச் சொன்னபோது, அரை மணி நேரம் பாடம் நடத்தியவர் ஆயிற்றே! அண்ணன் சொல்லுக்கு அன்றைக்கு, "சரிண்ணா, நீ சொன்னா சரிதான்" என்றார். சித்தப்பா போட்டோ விஷயத்தில் யாருக்கும் சரி சொல்லி நான் கேட்டதில்லை.

அதோடு விட்டாரா? பின்னால் சுவர் அசிங்கமாகத் தெரிகிறது என்று சொல்லி, பச்சைத் தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து கட்டினார். பின்னால் கட்டியிருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். பக்கவாட்டில் கட்டினார். தார்ப்பாயில் பட்ட வெளிச்சம் அக்காவின் கன்னத்தில் விழுந்து, ஒரு வாரமாகக் காய்ச்சலில் கிடந்தவளைப்போல ஆக்கிவிட்டது. வேட்டி எங்கே என்று கேட்டேன். துவைக்கப் போட்டிருக்கிறது என்றார். அது அவர் இடுப்பிலேயே இருந்தது.

பிறகு நிற்கிற முறை. "ரெண்டு காலையும் சேத்து வையி பாப்பா. தோள நேரா வெச்சிக்கோ. கைய ஒடம்போட ஒட்டிக்கோ. தாடைய உள்ள இழு, இன்னும் இழு." அக்காவுக்கு அதுவரை இல்லாத இரட்டைத் தாடை ஒன்று வந்து சேர்ந்தது. முழு ஆளையும் எடுக்கக் குனிய வேண்டியவர் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு அதன்மேல் ஏறினார். வீட்டுக்குள் கூட்டமாக எடுக்கும்போது மட்டும் மாட்டுகிற லென்ஸை மாட்டிக்கொண்டு, கிட்டத்தில் நின்று மேலிருந்து கீழே பார்த்து எடுத்தார். அந்த லென்ஸில் கிட்டே இருப்பது பெரிதாகும், தள்ளி இருப்பது சுருங்கும் என்று எனக்கே தெரியும். தலை பெரிதாகி, கால் குட்டையாகியிருக்கும் என்று மனத்தில் கணக்குப் போட்டேன்.

இதில் இன்னொரு அதிசயம், அக்கா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. சித்தப்பா படம் எடுத்துப் பழக, அவர் எதிரே பல வருடம் நின்றவள் அவள். ஒரு விரல் எங்கே இருக்க வேண்டும் என்பதற்கே சண்டை போடுவாள். அன்றைக்கு இழுத்த தாடையோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். எடுத்து முடித்ததும் சித்தப்பா கேமராவின் திரையை அவளிடம் காட்டினார். பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். தோள் இரண்டும் குலுங்கின. பாவம், அழுகிறாள் என்று நினைத்தேன்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சித்தப்பாவுக்குப் பொறாமை. அவர் கான்ட்ராக்ட், வருகிற மாப்பிள்ளை பெர்மனென்ட். சித்தப்பாவுக்குப் பார்த்த பெண்வீட்டார் கான்ட்ராக்ட் என்பதற்காக வேண்டாமென்று சொன்ன கதை எனக்குத் தெரியும். அந்த வயிற்றெரிச்சலை அக்காவின் முகத்தில் காட்டிவிட்டார். இவ்வளவு பெரிய சதியைக் கண்டுபிடித்த பெருமிதத்தோடு சமையலறைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, சித்தப்பா வேணும்னே கெடுக்கறாரு."

அம்மா பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தார். கத்தியை வைத்துவிட்டு வாசற்பக்கம் ஒருமுறை பார்த்தார். எண்ணெய்க் கையால் என் வாயில் ஒரு சுளையைத் திணித்தார். நான் அதை மெல்லுவதற்குள் இன்னொன்று.

"அப்பாகிட்ட போயி உளறிகினு இருக்காத. போ, வெளையாடு."

கேட்காமல் இரண்டு சுளை! ஊசி விஷயத்தில்கூட அம்மா இவ்வளவு தாராளமாக இருந்ததில்லை. அம்மாவையும் என் சந்தேகத்துக்குள் சேர்த்துக்கொண்டேன். ஆனால் அம்மா ஏன் பெற்ற பெண்ணின் படத்தைக் கெடுக்க வேண்டும்? அங்கே என் துப்பு நின்றுபோயிற்று.

படம் அப்பாவின் போனுக்கு வந்தது. அப்போதுதான் வீட்டுக்கு வீடு போனில் படம் அனுப்புகிற பழக்கம் தொடங்கியிருந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேசாமல் அத்தைக்கு அனுப்பிவிட்டார். அப்பாவுக்குக் கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அத்தை போன் செய்தார். சுரங்க இயந்திரங்களின் இரைச்சலில் அப்பாவின் காது மந்தமாகியிருந்ததால், எந்தப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருக்க முடியாததற்கு அதுவே காரணம். அக்கா சமையலறை வாசலில் சோற்றுப் பாத்திரத்தோடு நின்றிருந்தாள். அம்மா அவளுக்குப் பின்னால்.

"டேய் தம்பி, அவங்க வூட்ல என்னென்னமோ சொல்லிகினு கெடக்கறாங்கடா. பொண்ணு வயசானவளாட்டம் இருக்குதாம். கண்ணு உள்ள பூந்து கெடக்குதாம். நோய்க்காரின்னு கேக்கறாங்க. நம்ம புள்ள மூக்கும் முழியுமா இல்ல இருக்கும்? அந்த எடுபட்டவன் எடுத்த லட்சணம். வேற நல்ல போட்டோ இருந்தா அனுப்புடா, நான் பேசிக்கறேன்."

எனக்கு உயிர் வந்தது. அத்தை கண்டுபிடித்துவிட்டார்! நல்ல படமா இல்லை? போன மாதம் கல்லூரி விழாவுக்கு எடுத்தது, மாமரத்தடியில் எடுத்தது, ஜன்னலோரத்தில் எடுத்தது. எல்லாம் சித்தப்பா எடுத்ததுதான், எல்லாம் அப்பாவின் போனிலேயே இருந்தன. அவர் பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். "நல்ல போட்டோ நெறைய—" என்று தொடங்கினேன். அப்பாவின் இடது கை வந்து என் வாயைப் பொத்தியது. கனத்த கை. மூச்சுவிடவும் இடமில்லை.

"வேற போட்டோ இல்லக்கா" என்றார் அப்பா.

அந்தப் பக்கம் அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா விடவில்லை.

"போட்டோவுல ஒண்ணும் தப்பு இல்லக்கா. தம்பி நல்லாத்தான் எடுத்திருக்கறான். எம் பொண்ணு மூஞ்சியே அவ்ளோதான். நேர்ல வந்து பாத்தாலும் அதான். அவங்கள வேற எடம் பாக்கச் சொல்லிடு."

அத்தை, பெற்றவனே இப்படிப் பேசலாமா என்று அப்பாவைத் திட்டிவிட்டுப் போனை வைத்தார். என் வாயைப் பொத்தியிருந்த கை அதன் பிறகும் அங்கேயே இருந்தது.  நான்தான் அதைப் பிடித்து விலக்கினேன்.

எனக்கு அப்பாவின்மேல் அப்படியொரு கோபம் வந்தது. நல்ல படம் இருந்தும் இல்லை என்றார். அதுகூடப் போகட்டும். எங்கள் தெருவிலேயே அழகான பெண்ணைப் பற்றி, அவள் காதில் விழுகிற மாதிரி, மூஞ்சியே அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டாரே! அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அழப்போகிறாள், சாப்பாட்டை வீசப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வந்தாள். அப்பாவின் எதிரே உட்கார்ந்தாள். குழம்பில் கிடந்த பெரிய மீன் துண்டைத் தேடி எடுத்து அப்பாவின் தட்டில் வைத்தாள். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்தாள். அப்பா சாப்பிடவில்லை. நிழலிலும் வெளிச்சத்திலும் தினமும் அவளைப் பார்க்கிறவர்தான், அன்றைக்கு என்னவோ அப்போதுதான் பார்ப்பதுபோல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பிடுங்கப்பா, ஆறுது" என்றாள் அக்கா, கண்ணில் நீரோடு சிரித்துக்கொண்டு.

அடுத்த மாதம் அவள் சென்னைக்குப் படிக்கப் போனாள். கட்டில் எனக்கு வந்தது. அப்பாவோடு நான் ஒரு வாரம் பேசவில்லை. அவ்வளவு நேரம் ஆசையாகப் பார்க்கிற முகத்தைப் பற்றிப் போய் ஒருவர் எதற்காக அப்படிச் சொல்வார் என்று, ஜன்னலோரம் படுத்து எத்தனை யோசித்தும், அந்த வயதில் எனக்குப் பிடிபடவே இல்லை.