கூப்பிட்டால் வருகிறவர்கள்

மும்தாஜ் பேகம் விசையை அழுத்தியதும் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். கம்ப்யூட்டர் திரை அவளுடைய கண்ணின் ஓரத்தில் மட்டும் இருக்கும். கீழே வண்ணார்பேட்டைச் சாலையில் போகும் பஸ்களை வேடிக்கை பார்க்கிறாள் என்றுதான் ஆவுடைநாயகம் முதலில் நினைத்தார். ஒருநாள் கேட்டும்விட்டார்.

"நேரா பாத்தா நடுக்கம் தெரியாது அண்ணாச்சி. ஓரக்கண்ணுல பாத்தாத்தான் திரை எங்கன துடிக்குதுன்னு பிடிபடும்" என்றாள்.

அவர் தானும் சன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். உண்மைதான். நேராகப் பார்க்கும்போது சும்மா நின்ற திரை, கண்ணோரத்தில் மின்மினி போலத் துடித்தது. அன்றிலிருந்து அவள் வேலை செய்யும்போது, வியாபாரத்தை ஆளிடம் விட்டுவிட்டு மாடிக்கு வந்து உட்கார்வது அவருக்கு வழக்கமாகிப்போனது.

அவருக்குக் கீழே பம்புசெட் கடை. மாடியறையில் அவர் நடத்துகிற ரத்ததானச் சங்கம். பாபநாசத்திலிருந்து கங்கைகொண்டான் வரை ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பெயர்கள் அட்டைகளில் இருந்தன. தொண்ணூற்றாறில் யாரோ ஒரு புண்ணியவான் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தந்தார். பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் சாய்கிருஷ்ணன், அந்த அட்டைகளைத் திரையில் ஏற்றித் தரத் தன்னிடம் வேலை பார்த்த மும்தாஜை அனுப்பிவைத்தார்.

மேலப்பாளையத்துப் பெண். கணிதப் பட்டதாரி. செருப்பை வாசலில் விட்டு, நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்வாள். பொரிகடலையைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்து, யோசனை முற்றும்போது ஒவ்வொன்றாக வாயில் போடுவாள். கம்ப்யூட்டரோடு பேசுவாள். "ஏன் இப்படி மூச்சு வாங்குதே? ஒன்னய யாரு அம்புட்டையும் தூக்கச் சொன்னா?" என்று அவள் திட்டும்போது, தன்னைத்தான் சொல்கிறாளோ என்று ஆவுடைநாயகம் நிமிர்ந்து பார்ப்பார்.

பட்டியல் தமிழில் இருக்கவேண்டும் என்பது சங்கத்தில் போன் எடுக்கும் ராஜலக்ஷ்மியின் நிபந்தனை. ஆங்கில எழுத்தில் ஏற்றிப் பார்த்தபோது, கடையத்தையும் கடையநல்லூரையும் குழப்பி, இல்லாத ஆளை இல்லாத ஊரில் தேடியிருக்கிறாள் அந்த மாமி. கடையில் வாங்கிய அட்டவணை போடும் புரோகிராமோ தமிழ் எழுத்தைக் கண்டால் கொம்பை ஒரு பக்கமும் காலை ஒரு பக்கமும் எறிந்தது. அதனால் கோடு, கட்டம், எழுத்து, ரத்த வகைக்கு ஒரு நிறம் என்று எல்லாவற்றையும் மும்தாஜே புரோகிராம் எழுதி வரைந்தாள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஆமை வேகம். விசையைத் தொடுமுன் அவள் "பிஸ்மில்லா" சொல்வது வழக்கம். முழுதும் சொல்லி முடித்து, கைக்குட்டையை அவிழ்த்து, கடலையை மென்று விழுங்கிய பிறகும் பட்டியல் மேலிருந்து கீழே வரி வரியாக இறங்கிக்கொண்டிருக்கும்.

அப்படி இறங்கிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில்தான் அந்த போன் வந்தது. ஏதோ ஆஸ்பத்திரி வாசலில், காசு போட்டுப் பேசும் போன். பிரசவத்துக்கு வந்த தங்கைக்கு ஓ நெகட்டிவ் வேண்டும் என்றான் ஒருவன். "லைன்லயே இருங்கோ, இதோ பாத்துச் சொல்றேன்" என்றாள் ராஜலக்ஷ்மி. திரை துடித்தது. ஒரு வரி, இன்னொரு வரி. அவன் பதறிப் பதறி "அம்மா, அம்மா" என்றான். பிறகு லைன் அறுந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டு வைத்திருக்கவில்லை. மாலைவரை மூவரும் போனைப் பார்த்தபடி இருந்தார்கள். அவன் மறுபடி கூப்பிடவில்லை. அந்தப் பெண் என்ன ஆனாள் என்பது இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது.

"இங்கிலீஷுக்கே மாத்திடும்மா, வேகமா ஓடும்" என்றார் சாய்கிருஷ்ணன். ஆவுடைநாயகத்துக்கும் மனசு விட்டுப்போயிருந்தது. "அட்டைப் பெட்டிக்கே போயிருவோமா தாயி?" என்றார்.

மும்தாஜ் கடலை முடிச்சை அவிழ்க்கவே இல்லை. "கொஞ்ச நாள் பொறுங்க அண்ணாச்சி. குத்தம் தமிழு மேல இல்ல. நான் வரைஞ்ச விதத்துல இருக்கு."

அதன்பிறகு அவள் செய்தது ஆவுடைநாயகத்துக்கு விநோதமாகப்பட்டது. ஊர்பேர் தெரியாத பொய்ப் பெயர்களைப் பட்டியலில் கொட்டி, அதை இன்னும் திணறவைத்தாள். "பாரம் ஏத்துனாத்தானே எந்த மூட்டு வலிக்குதுன்னு சொல்லும்" என்றாள். வலிக்கிற இடங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. கடைசியாக ரத்தம் கொடுத்து மூன்று மாதம் ஆயிற்றா என்று ஒவ்வொரு வரியை வரையும்போதும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது; அதைக் காலையில் ஒரே தடவை போட்டு வைத்துக்கொள்ளச் செய்தாள். எழுத்துகளை ஒரு தடவை வரைந்து, அச்சுப்போல எடுத்து எடுத்து ஒட்டவைத்தாள். திரையிலேயே ஒவ்வொரு கோடாக இழுப்பதை நிறுத்தி, மறைவில் முழுப் படத்தையும் முடித்து ஒரே வீச்சில் கொண்டுவந்து வைத்தாள். கண்ணோரத்துத் துடிப்பு நின்றது.

கடைசியாக ஒருநாள், "இப்ப நீங்க அமுக்குங்க அண்ணாச்சி" என்று நாற்காலியை விட்டு எழுந்தாள்.

அவர் கீழ் அம்புக்குறியில் விரலை வைத்தார். பெயர்கள் ஓடின. குறுக்குத்துறைப் படித்துறையில் ஆறு ஓடுவதுபோலத் தடங்கலில்லாமல் ஓடின. அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, களக்காடு. விரலை எடுத்தார், நின்றது. வைத்தார், ஓடியது.

"எப்படிம்மா இத்தனை பேரையும் இவ்வளவு வேகமா வரையுது?"

"எங்க வரையுது? இந்தத் திரையில தெரியுத வரி மட்டுந்தான் இருக்கு. மேலேயும் கீழேயும் ஒண்ணுமே வரையல. நகர்த்தும்போது இருக்கிற படத்த அப்படியே மேல தள்ளிட்டு, புதுசா வார ஒத்த வரிய மட்டும் வரையுதேன்."

"அப்ப மத்தவங்கல்லாம் எங்க?"

"கூப்பிட்டா வருவாங்க அண்ணாச்சி."

அவருக்கு உடம்பு சிலிர்த்தது. ஜில்லா முழுக்க எத்தனை ஊர், எத்தனை ஆள்! கையகலத் திரைக்கு வெளியே, வடிவமே இல்லாமல், கூப்பிடும்வரை காத்திருக்கிறார்கள். விரலை வைக்கிற கணத்தில் பெயரும் ஊரும் நிறமுமாக எழுந்து வந்து நிற்கிறார்கள். மறுபடியும் விரலை வைத்தார்.

ஐப்பசி மழை பிடித்த ஒரு மத்தியானம் களக்காட்டுக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கூப்பிட்டார். மனைவிக்குப் பிரசவம், ஓ நெகட்டிவ். ஆனால் இந்த முறை, "எந்த ஆஸ்பத்திரி, சொல்லுங்கோ" என்று ராஜலக்ஷ்மி கேட்டு முடிப்பதற்குள் சிவப்புக் கட்டம் போட்ட வரிகள் வந்து நின்றுவிட்டன. "கெடச்சுடுத்து! தேவசிகாமணின்னு ஒருத்தர், கங்கைகொண்டான் போஸ்டாபீஸ். நான் இப்பவே கூப்பிடறேன். நீங்க வாசல்லயே நில்லுங்கோ, அவர் வந்துடுவார்." சொல்லி முடித்த பிறகுதான் அந்த லைன் அறுந்தது. கங்கைகொண்டானுக்கும் பேசிவிட்டுப் போனை வைத்த பிறகு, மும்தாஜின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் திருஷ்டி கழித்தாள் மாமி.

தாயும் பிள்ளையும் பிழைத்த செய்தியோடு தேவசிகாமணியே மறுநாள் மாடியேறி வந்தார். மழையில் நனைந்த காக்கிச் சட்டை, முழங்கை மடிப்பில் பிளாஸ்திரி.

"பொம்பளப் புள்ள. நல்லா இருக்காங்க ரெண்டு பேரும்" என்றவர், மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடி கேட்டார். "என் பேரு இதுக்குள்ள தமிழ்லயே இருக்காமே, மெய்யாவா?"

ஆவுடைநாயகம் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மும்தாஜ் அந்த வரியைத் திரைக்குக் கொண்டுவந்துவிட்டு எழுந்து, கனத்த மானிட்டரை இரண்டு கைகளாலும் அணைத்துத் தூக்கி, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.