நான் குணமான ஞாயிற்றுக்கிழமை

நீங்கள் கடைசியாக யாரை அடித்தீர்கள்? யாரையும் அடித்ததே இல்லை என்பவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். தம்பி, நாய், கூடப் படித்தவள், யாராக இருந்தாலும் சரி. அடிக்கும்போது கையில் ஒரு சுகம் ஏறியதா இல்லையா? எனக்கு ஏறியது. அதைச் சரிசெய்யத்தான் என்னைக் கவுன்சிலிங்குக்கு அனுப்பினார்கள்.

நடந்தது இதுதான். நான் சேலத்தில் பி.எஸ்ஸி. கணக்கு, இரண்டாம் வருஷம். வீடு ஏற்காட்டு மலையில், நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டின் லைன் வீடு. அம்மா, அப்பா இருவருக்கும் அங்கேதான் வேலை. ஒருநாள் மதியம் கிளாஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கூடப் படிக்கும் ஒருவன் என் டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, உங்கம்மா காப்பி பறிக்கப் போவுதா, இல்ல ரைட்டர் ஊட்டுக்குப் போவுதா?" என்றான். எஸ்டேட்டில் ஆள் கணக்கு எழுதுபவர்தான் ரைட்டர். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் டப்பாவை மூடினேன். கிளிப்பையும் போட்டேன். பிறகு அதாலேயே அவன் மூஞ்சியில் அடித்தேன். மூக்கில் ஒன்று, வாயில் ஒன்று. எவர்சில்வர் எலும்பில் படும்போது வரும் சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கிளிப் தெறித்துக் கொட்டிய என் எலுமிச்சம் சாதத்தோடு அவனுடைய முன்பல் பாதி கிடந்தது.

பையன்கள் அடித்துக்கொண்டால் எங்கள் காலேஜில் மன்னிப்புக் கடிதம் எழுதித் தந்தால் போதும். பொண்ணு அடித்தால் அது வியாதி. ஆறு தடவை கவுன்சிலரைப் பார்க்க வேண்டும், 'இப்போது பரவாயில்லை' என்று அவர் பேப்பர் தர வேண்டும், இல்லாவிட்டால் செமஸ்டர் எழுத முடியாது என்றார்கள். அந்த வருஷம் போனால் என்னைத் திரும்பவும் படிக்க அனுப்ப மாட்டார்கள். காப்பிக் கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

கவுன்சிலர் மேடத்துக்கு ஸ்டோர் ரூமை ஒட்டி ஒரு அறை. முதல் நாள் ஒரு படிவம் கொடுத்தார். தூக்கம் ஒழுங்காக வருகிறதா, பசி எடுக்கிறதா, வேலையில் கவனம் இருக்கிறதா, சட்டென்று கோபம் வருகிறதா. எனக்கு எல்லாமே கோணல். எழுதிக்கொண்டிருக்கும்போதே இதை அப்பாவுக்குக் கொடுத்தால் என்னவாகும் என்று தோன்றியது. படுத்த இரண்டாவது நிமிஷம் குறட்டை. மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுவார். நாற்பதடி சில்வர் ஓக் மரத்தில் ஏறி மிளகு பறிப்பவர், கவனம் இல்லாமல் முடியுமா? குடி கிடையாது, பீடி கிடையாது. எஸ்டேட்டில் யாரைக் கேட்டாலும் "நொம்பத் தங்கமான மனுசன்" என்பார்கள். நூற்றுக்கு நூறு எடுத்திருப்பார். அவர் அம்மாவை அடிக்கிறாரா என்று அந்தப் படிவத்தில் கேள்வியே இல்லை.

ஆமாம், அடிப்பார். குடித்துவிட்டு அடித்தால் குடியைத் திட்டலாம். இவர் தெளிவாக இருந்துகொண்டு அடிப்பார். கத்த மாட்டார். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, அளவெடுத்த மாதிரி, வெளியே தெரியாத இடமாகப் பார்த்து அடிப்பார்.

எங்கள் லைனில் வரிசையாக ஆறு வீடுகள். வீட்டுக்கு வீடு ஒரே சுவர். அந்தச் சுவரும் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் கேட்கும். அடிதடி விஷயத்தில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. முதல் மூன்று அடிவரை அது அந்த வீட்டு விவகாரம், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அதைத் தாண்டினால் பக்கத்து வீட்டார் உலக்கையால் சுவரை இடிப்பார்கள். அதைக் கேட்டு அடுத்த வீடும் இடிக்கும். லைன் முழுக்க இடி. அடித்துக்கொண்டிருப்பவன் கையை இறக்கிவிடுவான். யாரும் உள்ளே வர மாட்டார்கள். மறுநாள் தண்ணீர்க் குழாயில் அதைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள். யார் இதை ஆரம்பித்தார்கள் என்று தெரியாது. ஆனால் வேலை செய்யும்.

பத்தாவது படிக்கும்போது ஒருநாள் அப்பா அம்மாவின் முடியைப் பிடித்திருந்தார். நான் காப்பிச் செடி கழிக்கும் கவாத்துக் கத்தியை எடுத்து, "இன்னொரு அடி அடிச்சா அந்தக் கைய வெட்டிப்போடுவன்" என்றேன். வெட்டியிருப்பேன். அது அவருக்குத் தெரிந்தது, கையை எடுத்தார். அதற்குப் பிறகு நான் வீட்டில் இருந்தால் அவர் அம்மாவைத் தொட்டதில்லை. லைனில் எனக்கு 'பேய்க்கோவக்காரி' என்று பேர் வந்தது. நான் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, திங்கள் முதல் வெள்ளிவரை உலக்கை பார்த்துக்கொண்டது, சனி ஞாயிறு நான் பார்த்துக்கொண்டேன். யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. தானாக அப்படி ஆகிவிட்டது.

இதில் ஒரு வரிகூட நான் மேடத்திடம் சொல்லவில்லை. வீட்டு மானத்தை ஸ்டோர் ரூம் பக்கத்தில் வைத்து அவிழ்ப்பானேன் என்று இருந்துவிட்டேன்.

மேடம் மோசமில்லை. நாலாவது தடவை போனபோது, "அந்தப் பையன அடிச்சப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். "நல்லா இருந்துச்சு மேடம்" என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "அதச் சொல்றதுக்குத் தைரியம் வேணும்" என்று மட்டும் சொன்னார். அன்று ஹாஸ்டல் பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன். கவுன்சிலிங்கே ஏமாற்று வேலை என்று எழுதினால் எனக்குச் சுலபம். ஆனால் அன்று உள்ளே என்னமோ ஒன்று இடம் மாறியது நிஜம்.

ஐந்தாவது தடவை வீட்டுப்பாடம் தந்தார். காது சூடாவது, பல்லைக் கடிப்பது எல்லாம் கோபம் வருவதற்கு அறிகுறிகள். அப்போது வாயைத் திறக்கக் கூடாது. மெதுவாக எழுந்து அந்த இடத்தைவிட்டுப் போக வேண்டும். பதினைந்து நிமிஷம் நடந்துவிட்டுத் திரும்ப வேண்டும். வீட்டில் ஒருமுறையாவது செய்து பார்த்து நோட்டில் எழுதிவர வேண்டும்.

தை மாதம், ஞாயிற்றுக்கிழமை. அப்பா மரம் ஏறும் கயிற்றை அம்மா பக்கத்து வீட்டுக்காரருக்கு இரவல் கொடுத்திருந்தாள். அது ஈரமாகத் திரும்பி வந்திருந்தது. அப்பா அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஆரக் கேட்டுக் குடுத்த?"

"அவசரம்னு கேட்டாருங்க. ஒருநாள்தான."

"கேட்டா குடுத்துருவயா? நாளைக்கு உன்னயக் கேப்பான்."

என் காது சூடானது. பல்லைக் கடித்தேன். இதுதான் அது என்று உடனே தெரிந்தது. பரீட்சையில் படித்த கேள்வி வந்த மாதிரி ஒரு சந்தோஷம்கூட வந்தது. எழுந்தேன். செருப்பைப் போட்டேன். அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். நான் யாரையும் பார்க்கவில்லை. கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு காப்பிச் செடிகளுக்குள் இறங்கி தார் ரோட்டுக்குப் போனேன்.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே நடந்தேன். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. பனி இறங்கியிருந்தது. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. காதுச் சூடு தணிந்தது. பல்லும் தளர்ந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாகக் கோபத்தை நான் ஜெயித்திருந்தேன். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து செல்போனில் மணி பார்த்து, கணக்காகப் பதினைந்து நிமிஷம் முடித்துவிட்டுத் திரும்பினேன். அந்தப் பதினைந்து நிமிஷமும் நான் பூரண ஆரோக்கியமாக இருந்தேன்.

வீட்டில் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது முழங்கைக்குக் கீழே கை வேறு பக்கம் பார்த்துக் கிடந்தது. வாயில் முந்தானையைத் திணித்திருந்தாள். அப்பா கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். கையை முறுக்கி, தரையில் வைத்து மிதித்திருக்கிறார்.

அடுப்படியில் காப்பிக் கட்டை கிடந்தது. விறகில் காப்பிக் கட்டைக்கு இரும்பு மாதிரி கனம். எடுத்து அப்பாவின் காதோடு சேர்த்து அடித்தேன். விழுந்தார். தோளில் அடித்தேன். தலையைக் கயிற்றுச் சுருளால் மறைத்துக்கொண்டார், திருப்பி அடிக்கவில்லை. மூன்றாவது அடி விலாவில். அந்த மூன்றாவது அடி அம்மாவுக்காக அடித்தது இல்லை. அதை நான் அடிக்கும்போதே அறிந்திருந்தேன். கை அவ்வளவு லேசாக இருந்தது. நாலாவதுக்கு ஓங்கினேன்.

சுவரில் இடி விழுந்தது. வலது பக்கம், உடனே இடது பக்கம், பிறகு லைன் முழுக்க. கூரைத் தகரம் அதிர்ந்தது. எனக்காக இடித்தார்கள். என்னை நிறுத்துவதற்காக. கட்டையைக் கீழே போட்டேன்.

பக்கத்து வீட்டு அக்கா வந்தது. வழக்கத்தை மீறி உள்ளேயே வந்தது. அம்மாவின் கையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டது.

"ஏங்க்கா, அம்மாவ அடிச்சப்பத் தட்டலையா?" என்று கேட்டேன்.

"நீ ஊட்ல இருக்கறயேன்னு இருந்துட்டம் கண்ணு. அடிச் சத்தம் கேட்டுது. புள்ள இருக்குது, பாத்துக்கும்னு எங்க ஊட்டுக்காரருகூடச் சொன்னாரு. நீ எங்க போயித் தொலஞ்ச?"

வாக்கிங் போனேன் என்று எப்படிச் சொல்வது?

அம்மாவும் நானும் ஜீப் பிடித்து ஏற்காட்டுக்கும், அங்கிருந்து எக்ஸ்ரே எடுக்கச் சேலத்துக்கும் போனோம். கொண்டை ஊசி வளைவில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் அம்மா பல்லுக்குள் முனகினாள். ஒன்பதாவது வளைவோ பத்தாவதோ, என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"நீ அவர அடிக்கோணும்னு நான் என்னைக்காச்சும் கேட்டனா?"

"இல்ல."

"வெளிய போறவ, போறப்ப செவுத்த ஒரு தட்டுத் தட்டிட்டுப் போயிருக்கலாமில்ல சாமி. அவிய பாத்துக்கிட்டிருப்பாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். ஆஸ்பத்திரியில் "தண்ணி கொழாய்ல வழுக்கி உழுந்துட்டனுங்க" என்றாள். டாக்டர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே எழுதிக்கொண்டார்.

ஆறாவது தடவை மேடத்திடம் போனபோது நோட்டைப் பிரித்து வாசித்தேன். "அறிகுறி தெரிந்தது. எழுந்து போனேன். பதினைந்து நிமிஷம் நடந்தேன். கோபம் முழுதாகத் தணிந்தது. அம்மாவின் கையில் இரண்டு எலும்பு உடைந்தது." அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு கத்தி, சுவர், கட்டை எல்லாவற்றையும் சொன்னேன். காலேஜில் யாரிடமும் சொல்லாததை மூச்சுவிடாமல் சொன்னேன்.

"இத மொதல்லயே ஏம்மா சொல்லல?"

"நீங்க கேக்கலயே மேடம். தூக்கம் வருதான்னு கேட்டீங்க."

அவருக்குக் கண் கலங்கியது, துடைத்துக்கொண்டார். "போலீஸ்ல புகார் குடுக்கலாம். நானே கூட வர்றேன்" என்றார்.

"அம்மா வரமாட்டாங்க. வேல பாத்தாத்தான் லைன் ஊடு. அம்மாவுக்கு ரெண்டு மாசம் கை தூக்க முடியாது. அப்பா உள்ள போனா ஊட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்க."

பிறகு நான் கேட்டேன். "என்னைய எதுக்கு மேடம் சரி பண்ணுனீங்க? நான் சரியில்லாம இருந்த வரைக்கும் எங்கம்மா கை நல்லா இருந்துச்சு."

"எனக்குத் தெரியல. ஒரு ஆள உக்கார வெச்சுப் பேசத்தான் எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. இந்த ஃபார்ம்லயும் ஒரு பேர் எழுதத்தான் இடம் இருக்கு." பேனாவைத் திறந்துகொண்டே, "ஆனா மூணாவது அடியப் பத்தி நீங்களாச் சொன்னீங்கல்ல. அது உங்க அம்மாவுக்காக இல்லைன்னு. அதுக்கு மட்டும் நாம இன்னும் பேசணும்" என்றார்.

எனக்குக் கடுப்பாக இருந்தது. அவர் சொன்னது சரி என்பதால் கூடுதல் கடுப்பு. மனம் நலமாக இருப்பது என்றால் என்ன? நான் அமைதியாக இருப்பதா, அம்மா அடி வாங்காமல் இருப்பதா? இரண்டும் ஒரே வீட்டுக்குள் ஒரே நேரத்தில் நடக்க மாட்டேன் என்கிறதே, அப்போது யாருடைய வியாதிக்கு யார் மருந்து சாப்பிடுவது?

பேப்பரில் "ஆறு அமர்வுகளுக்கும் வந்தார், பரீட்சை எழுதலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"கொணமாயிருச்சுன்னு எழுதலயா மேடம்?"

"உங்களுக்கு என்ன நோவுன்னு எனக்கு மொதல்ல புரியட்டும்."

ஹாஸ்டலைக் காலி பண்ணிவிட்டேன். இப்போது காலை முதல் பஸ்ஸில் காலேஜுக்குப் போய்த் திரும்புகிறேன். வியாழக்கிழமைகளில் மேடத்தையும் பார்க்கிறேன், யாரும் அனுப்பாமலே. அப்பாவுக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை. என்னிடம் பேசுவதும் இல்லை. போன வாரம் பக்கத்து வீடுகள் இரண்டுக்கும் போய், நான் வீட்டில் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, சத்தம் கேட்டால் சுவரை இடிக்கச் சொன்னேன்.

"நீ அடிச்சாலுமா?" என்று அந்த அக்கா கேட்டது.

"நான் அடிச்சா ரெண்டாவது அடிக்கே இடிங்க."

"ஆமா, உன்ற மூணாவது அடிய அந்தாளு தாங்கமாட்டாரு" என்று சொல்லிச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

இதை செல்போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். அம்மா இடது கையால் அரிசி களைகிறாள். மணி ஐந்தேகால். அப்பா வந்துவிட்டார், வெளியே கால் கழுவிக்கொண்டிருக்கிறார்.