தனுசியாவின் தீவு

பருத்தித்துறையில் மீன் பதனிடும் தொழிற்சாலையொன்றில் வேலை செய்த தனுசியாவின் வலது கையை, போன மாரியில் இயந்திரம் மணிக்கட்டோடு எடுத்துவிட்டது. அதன் பிறகு அவள் வீட்டிலிருந்து கைபேசியில் ஒரு தீவு விளையாட்டை விளையாடினாள். அதில் மரம் வெட்டலாம், குடிசை கட்டலாம், சும்மா மழையையும் பார்த்திருக்கலாம். அவசரப்படுத்த யாருமில்லை.

கணவன் கோபிசங்கருக்கு அது அலுப்பு. அவன் கணினி விளையாட்டில் தொழிற்சாலைகள் கட்டுபவன்.

"என்ரை விளையாட்டை ஒருக்கால் வந்து பாரும். பெல்ட்டிலை சாமான் தன்ரைபாட்டிலை ஓடும். நாங்கள் கை வைக்கவே தேவையில்லை."

தனுசியா வந்து பார்த்தாள். ஓரிடத்தில் இரும்புத் துண்டொன்று சிக்கியது. முழுப் பெல்ட்டும் நின்றது.

"உது நிண்டிட்டுது," என்றாள் அவள். "அண்டைக்கு என்ரை கை சிக்கேக்கை நிக்கேல்லை."

அவள் கைபேசியை மடியில் வைத்து, இடது பெருவிரலால் மரம் வெட்டத் தொடங்கினாள்.