டயர் கடை கொடுத்த ரெக்கார்டு

போன செவ்வாய்க்கிழமை காலை, கோல சிலாங்கூரில் என் வீட்டு வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. டிரைவர் நான்கு பெட்டிகளை இறக்கி வைத்தார். "பாய் கொடுக்கச் சொன்னாரு" என்றார். போய்விட்டார்.

பெட்டிகள் நிறைய இசை ரெக்கார்டுகள். சாகுல் பாய் ஆயுள் முழுக்கச் சேர்த்தவை.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். புதியவர்களுக்காக: அறுபதுகளில் அமெரிக்க இளைஞர்கள் பலகைமேல் நின்று அலையில் சறுக்கினார்கள். அந்த விளையாட்டை ஒட்டி ஒரு கிட்டார் இசை பிறந்தது — சர்ஃப் மியூசிக். அதைத் தொகுத்து, கம்பெனிகள் விளம்பரத்துக்காக இலவசமாகக் கொடுத்த ரெக்கார்டுகளை நான் சேர்க்கிறேன். பற்பசை வாங்கினால் ஒன்று, பெட்ரோல் ஊற்றினால் ஒன்று. எங்கள் கடலில் அலையா? சேறுதான். சறுக்கினால் நண்டுகூடச் சிரிக்கும்.

இவற்றில் பெரும்பாலும் ஆண்டு இருக்காது. உறையில் நாட்டின் பெயர் மலாயாவா, மலேசியாவா? தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கம்? இப்படித் துருவித்தான் ஆண்டைப் பிடிப்பேன். அதனால் பாய் எனக்கு வைத்த பெயர் 'கிராணி'. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கணக்கெழுதும் எஸ்டேட் கிராணியைக் கண்டாலே ஒதுங்கி நிற்பார். மகனுக்கு அந்தப் பட்டம்!

பாய்க்குச் சுங்கை ஆயர் தாவாரில் சாப்பாட்டுக் கடை. எனக்குத் தெரிந்து இந்த வட்டாரத்தில் இதே பைத்தியம் பிடித்த இன்னொருவர் அவர்தான். எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. ரெக்கார்டில் 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்கிறதே... ஆகவே காசு கூடாது. ஒன்று கொடுத்தால் ஒன்று.

மாதம் ஒருமுறை போவேன்.

"என்னா கிராணி, பசியாறிட்டியா?"

"ஆச்சு பாய். டயர் கடை ரெக்கார்டு கொண்டாந்திருக்கேன்."

"அட, அதைத்தான்லா தேடிக்கிட்டு இருக்கேன்! ஆனா உறை கிழிஞ்சிருக்கே... இதுக்கு பெட்ரோல் ரெக்கார்டு தரமாட்டேன். வேற கேளு."

"அப்ப நான் கெளம்புறேன்."

"உக்காருலா. தேத்தண்ணி ஆறுது."

அந்த ஒரு ரெக்கார்டுக்கு மூன்று மாதம் பேரம் ஓடியது.

இப்போது பாய் கடையை மூடிவிட்டு, புஞ்சாக் ஆலாமில் மகனோடு இருக்கிறார். அடுக்குமாடி வீடு. பெட்டிகளுக்கு இடமில்லை. அதனால் எல்லாம் என்னிடம்.

சந்தோஷமாக இருந்ததா? இருந்தது... மத்தியானம் வரை. கூப்பிட்டுக் காட்ட வீட்டில் யாருமில்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

மூன்றாவது பெட்டியில் டயர் கடை ரெக்கார்டு கிடைத்தது. நான் கொடுத்தது, கிழிந்த உறையோடு. அதற்கு அடியில் இன்னொன்று. அதே ரெக்கார்டு! உறையில் பாய் கடையின் ரப்பர் முத்திரை. ஆனால் கடையின் பழைய பெயர். நாங்கள் பழகுவதற்கு முன்பே மாற்றிவிட்ட பெயர்.

பற்பசை ரெக்கார்டும் இரண்டு. பிஸ்கட் கம்பெனி ரெக்கார்டும் இரண்டு. ஒவ்வொன்றிலும் ஒரு பழைய முத்திரை.

போன் செய்தேன்.

"பாய், டயர் கடை ரெக்கார்டு உங்ககிட்ட முன்னாடியே இருந்துச்சா?"

"கண்டுபிடிச்சிட்டியா? கிராணின்னு சும்மாவா பேரு வெச்சேன்!"

"அப்புறம் எதுக்கு மூணு மாசம் அலைய விட்டீங்க?"

"இருக்குன்னு சொன்னா, அடுத்த மாசம் நீ வருவியா?"

"அங்க எப்படி பாய் இருக்கு?" என்று கேட்டேன்.

"எல்லாரும் வேலைக்குப் போயிருவாங்க. அப்புறம் நானும் லிப்டும்தான்."

"வரேன் பாய். என்ன கொண்டாரட்டும்?"

"ஒன்னும் வேணாம்லா. பதிலுக்குக் கொடுக்க எங்கிட்ட என்ன இருக்கு? சும்மா வா."

ஆண்களுக்கு ஒருவரையொருவர் பார்க்க ஏதாவது ஒரு சாமான் தேவைப்படுகிறது. ஏணி, கார் ஜாக்கி, ரெக்கார்டு... "உன்னைப் பார்க்கணும்போல இருந்தது, வந்தேன்" என்று ஓர் ஆண் இன்னோர் ஆணின் வாசலில் நின்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

பழைய கடையைவிடப் புஞ்சாக் ஆலாம் எனக்குப் பாதித் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை காடியை ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர் குடியிருப்பின் வாசல்வரை போனேன். வெறுங்கையோடு மணியடித்து, கதவைத் திறப்பவரிடம் என்ன சொல்வது? திரும்பி வந்துவிட்டேன்.

சும்மா போவது எப்படி என்று தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்... கொஞ்சம் சீக்கிரமாக.