பாதி மாத்திரை

முழங்கை இரண்டிலும், முழங்கால் இரண்டிலும், உட்காரும் இடத்திலும் அது வந்தது. வலப்பக்கம் வந்தால் இடப்பக்கமும் அதே இடத்தில், கண்ணாடி பார்த்து வரைந்ததுபோல. சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்கள். அரிப்பு என்ற சொல் அதற்குப் போதாது. எறும்புப் புற்றைத் தோலுக்குள் வைத்துத் தைத்ததுபோல இருக்கும். சொறிவேன், உடையும், எரியும், அந்த எரிச்சலே சுகமாக இருக்கும், மறுபடியும் சொறிவேன். எனக்கு ஒன்பது வயது. எடப்பாடிப் பக்கம், சோளக்காட்டுக்குள் வீடு.

கரப்பான் புண் என்றார்கள். கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது, நிலக்கடலை ஆகாது. மூன்றையும் அம்மா நிறுத்தினாள். பிள்ளை உடம்பு தேற வேண்டுமே என்று கோதுமை ரவையைப் பாலில் காய்ச்சி வேளை தவறாமல் ஊட்டினாள். மத்தியானம் பள்ளிக்கூடத்தில் கோதுமை உப்புமா. பத்தியம் கூடக் கூடப் புண்ணும் கூடியது. "திருட்டுத்தனமாத் தின்னுப்போட்டு வாராளாட்ட இருக்குது" என்று அத்தை என் வாயை மோந்து பார்த்தாள். அப்பாவின் தங்கை, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கடலை வாசம் வராததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சேலத்தில் தோல் டாக்டர் புண்ணைப் பார்த்தார். பிறகு, என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். அம்மா பெருமையோடு கோதுமைக் கஞ்சியைச் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அதான் ஆகாது. ரவை, மைதா, பன்னு, ரஸ்க்கு ஒண்ணும் கூடாதும்மா. அரிசி, ராகி, கம்பு, சோளம் குடுங்க. கோதுமை நின்னு தோல் ஆற மாசக்கணக்காகும். அதுவரைக்கும் தாங்கறதுக்குத்தான் இந்த மாத்திரை. தினமும் பாதி."

மூன்றாம் நாள் அரிப்பு நின்றது. ஐந்தாம் நாள் அப்பா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். எங்கள் கிணற்றை வெட்டியவர் ஒருவர், பெரியவியாதி என்கிற குஷ்டம் வந்து விரல்கள் மழுங்கிப்போய், கரட்டோரக் குடிசையில் தனியாக இருந்தார். மாதம் ஒருமுறை சைக்கிளில் வரும் சர்க்கார் ஆள் அவருக்குக் கொடுக்கிற அதே வெள்ளை மாத்திரை.

"இது அந்த வியாதிக்காரன் முழுங்கறதல்லோ?"

"அந்த நோவு இல்லீன்னு டாக்டரே சொன்னாருங்க. இதுக்கும் அதே மாத்திரைதானாமுங்க."

"அத நீ ஊடு ஊடாப் போயிச் சொல்லுவியா? மாப்பிள்ள ஊட்டுல காதுல உழுந்தா நாளைக்கே நிச்சயத்தட்டு திரும்பி வந்துரும்."

பொட்டலம் எருக்குழிக்குள் போனது. கோதுமையை நிறுத்தலாம், மாத்திரை கூடாது என்று தீர்ப்பாயிற்று. எதற்கும் இருக்கட்டும் என்று பழைய பத்தியத்தையும் அப்பா விடவில்லை.

சில நாட்களில் எறும்புகள் திரும்பின. என் இரு கைகளையும் அம்மா பழந்துணியால் சுற்றி முடிச்சிட்டாள். மத்தியானம் தூக்குப்போசியில் களியோடு பள்ளிக்கூடம் வந்து, உப்புமாத் தட்டைத் தன் கையால் திருப்பிக் கொடுத்தாள். அத்தையின் கல்யாணப் பந்தியில் என் வாய்க்குள் விரலை விட்டுப் பாதுஷாவைத் தோண்டியெடுத்தாள். அதற்குள் அரிப்பு ஏனோ அடங்கத் தொடங்கியிருந்தது. "பாத்தியா, பத்தியம் கேக்குது" என்றார் அப்பா. நானும் அதையே நம்பினேன்.

அந்த ஒரு வருடம் முழுக்கக் காலையில் அம்மா கிணறு வெட்டியவரின் குடிசைக்குக் களி கொண்டுபோனாள், மேலே கருவாட்டுக் குழம்பு ஊற்றி. எனக்குக் கூடாத கருவாடு அவருக்குப் போகிறதே என்று எரிச்சலாக வரும். திரும்பும்போது அவள் முந்தானையில் ஒரு முடிச்சு இருக்கும். வந்ததும் என் களியை ஒருமுறை பிசைந்து உருட்டித் தருவாள்.

பல வருடம் கழித்து, படுத்த படுக்கையில், தானாகவே சொன்னாள். "அவரு மாத்திரைய ஒடச்சுப் பாதி குடுப்பாருடி. வேண்டாமுங்கன்னு சொல்லியிருக்கோணும். சொல்லுல."

அந்த வருடக் கடைசியில், தோல் சுத்தமான பிறகு ஒருநாள் அவள் பின்னாலேயே நானும் போனேன். குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தார். கையில் கட்டியிருந்த துணி, போன வருடம் கிணற்றுமேட்டில் பார்த்ததைவிடச் சின்னதாகச் சுருண்டிருந்தது. உள்ளே கட்டுவதற்கு அவ்வளவுதான் மிச்சம்.

"பாப்பாளுக்குப் புண்ணு ஆறிப்போச்சுங்களா?"

"ஆறிப்போச்சுங்க. இனி வேண்டாமுங்க" என்றாள் அம்மா.

"முழங்கையக் காட்டு சாமி, பாக்கறன்."

எட்டி நின்று காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். அந்தத் துணி சுற்றிய கை மெல்ல என் பக்கம் நீண்டது. நான் ஓடினேன். தொட்டி நீரில் முழங்கைகளை முக்கி, அப்பாவின் சோப்பை எடுத்து, தோல் சிவக்கத் தேய்த்தேன்.

பின்னாலேயே வந்த அம்மா, புண் நோகுமென்று வருடம் முழுக்க என்மேல் விரல் படவும் பயந்தவள், முதுகில் ஓங்கி அறைந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு தொட்டியோரம் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில், சோப்புப் போட்டுக் கழுவியதற்காக அடி வாங்கியவள் ஊரிலேயே நான் ஒருத்திதான் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.